அறுபத்துமூன்று சதவீதம்

புத்தக வாசனையைப் பற்றி யாராவது உருகத் தொடங்கினால் நான் மெல்ல இடத்தைக் காலி செய்துவிடுவேன். பழைய புத்தகத்திலிருந்து வருவது தாள் மட்கும் நெடி, கூடவே கொஞ்சம் பூஞ்சை. எனக்கு அடுக்குத் தும்மல் வரும், அவ்வளவுதான். காகிதத்திலிருந்து திரைக்கு மாறி எட்டு வருடங்கள் ஆகின்றன. வருத்தமில்லையா என்று கேட்டவர்களிடமெல்லாம் துளியும் இல்லை என்றே சொல்லி வந்தேன். ஒரு வருடத்துக்கும் மேலாக அந்தப் பதிலைச் சொல்லும்போது தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோல ஏதோ உறுத்துகிறது. அதற்குக் காரணம் புத்தகம்கூட இல்லை, ஒரு கைப்பேசி எண்.

மாறியதற்குப் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. 2017-ல் திருச்சியிலிருந்து நாகர்கோவிலுக்கு மாற்றல் வந்தது. சாமான் ஏற்ற வந்தவர் புத்தகப் பெட்டிகளை எண்ணினார்: இருபத்தேழு. "உள்ளே என்னம்மா, கருங்கல்லா?" என்றார். நாகர்கோவிலில் கிடைத்த வாடகை வீட்டில் அலமாரி வைக்கச் சுவர் இல்லை. பதினான்கு பெட்டிகள் பிரிக்கப்படாமலே மூன்று வருடம் கட்டிலுக்கடியில் கிடந்து, திரும்பி வரும்போதும் அதே கயிற்றுக்கட்டோடு வந்தன. இதற்கிடையில் வெள்ளெழுத்து வந்துவிட்டது. மலிவுப் பதிப்புகளின் பொடி எழுத்தைப் பத்து நிமிடம் பார்த்தால் தூக்கம் சொக்கும். வாசிப்பில் அலுப்புத் தட்டிவிட்டது, வயதாகிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மின்னூல் படிக்கும் ஓர் ஆறு அங்குலக் கருவியை வாங்கி எழுத்தை இரண்டு படி பெரிதாக்கிய இரவில்தான், அலுப்பு என்று நினைத்தது வெறும் கண்வலி என்று புரிந்தது. அன்று விடிய இரண்டு மணிவரை படித்தேன்.

திரையில் தமிழ் படிப்பது அதற்கு முன்பே பழக்கம்தான். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சங்க இலக்கியத்தைத் தன்னார்வலர்கள் எங்கெங்கோ உட்கார்ந்து தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். எழுத்துருவை இறக்கி நிறுவாவிட்டால் குறுந்தொகை முழுவதும் கொம்பும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். 2003 வாக்கில் மேலாளர் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து, அலுவலக அச்சுப்பொறியில் நான் திருட்டுத்தனமாக எடுத்த பக்கங்கள் கொஞ்சநஞ்சமில்லை. இன்றைக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புகள் அட்டையோடு கிடைக்கின்றன. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டம் இருக்கிறது. 1981-ல் யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை அறிந்த ஒருவரிடம் போய்க் காகிதத்தின் மகிமையைப் பேச எனக்கு வாய் வராது.

ஆக, நான் திரையின் கட்சி. அந்தக் கட்சிக்கு ஆள் சேர்க்கவும் செய்தேன். முதலில் சேர்த்தது சித்தப்பாவை.

ஆடிப்பெருக்கு

சித்தப்பா புதுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு வாசிக்கக் கொடுத்ததே அவர்தான். புத்தகம் வாங்கியதும் முதல் பக்கத்தில் பெயரும் தேதியும் எழுதுவார். பிறகு 43-ஆம் பக்கத்தைத் திருப்பி அடியில் சின்னதாக ஒரு கையெழுத்துப் போடுவார். அவர் பிறந்த வருடம் 1943. "முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு உன்னுடையது என்று சொல்லலாம். 43-ஐ எவனும் கிழிக்க மாட்டான்" என்பது அவருடைய வாதம். இரவல் கொடுத்துத் திரும்பாத புத்தகங்களுக்குத் தனி நோட்டு வைத்திருந்தார். ஆனால் யாரிடமும் போய்க் கேட்டதில்லை. ஓரங்களில் பென்சிலால் ஆசிரியரோடு சண்டை போடுவார். "ஒப்பேன்", "சான்று?", "இது கம்பனுக்கே தெரியாது" என்று விளிம்பெல்லாம் இருக்கும்.

எழுபத்தைந்து வயதில் விழித்திரை கெட்டது. நடுப்பார்வை மங்கி, ஓரத்தால் மட்டும் பார்க்கிற நிலை. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு வரிக்கு ஒரு நிமிடம் தடுமாறினார். 2018 தீபாவளிக்கு ஒரு கருவியை வாங்கிக்கொண்டு போனேன். கணக்கு திறந்து, அவர் எண்ணைக் கொடுத்து, ஒரு வரியில் மூன்றே சொல் வருகிற அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கி நீட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பள்ளிக்கூடத்துக் கரும்பலகை மாதிரி இருக்கிறது, ஆத்தா" என்றார்.

சில மின்னூல்களில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து கிடக்கும், சில இடங்களில் எழுத்துக்குப் பதில் கட்டம் வரும். நான் நிறுவனத்தைத் திட்டுவேன். அவருக்கு அது விளையாட்டு. "ஏட்டில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று வைக்காமலே விட்டார்கள். அதையே படித்த பரம்பரை நாம். கட்டத்துக்குப் பயப்படுவதா?" என்பார். ஒளிநகல் எடுத்த பழைய நூல்களில் துதிக்கை வைத்த ணை, லை வரும்போது தனி மகிழ்ச்சி. 1978 எழுத்துச் சீர்திருத்தத்தை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை.

ஒரு வருடத்தில், காகிதப் புத்தகங்கள் இனி எதற்கு என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. எழுப்பியது நான்தான் என்று ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆயிரத்துச் சொச்சம் புத்தகம். கரையான் ஒரு பக்கம், சித்தியின் மூச்சிரைப்பு மறுபக்கம். திருக்கோகர்ணத்தில் ஞானாலயா என்ற தனியார் நூலகம் இருக்கிறது, அங்கே கொடுக்கலாமா என்றேன். "அது முதற்பதிப்புகள் குடியிருக்கும் இடம். என்னுடையது எல்லாம் மாணவர் பதிப்பு" என்று மறுத்துவிட்டார். கடைசியில் அவர் வேலை பார்த்த பள்ளிக்கு அறுநூறு போயிற்று. தெரிந்தவர்கள் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். கரையான் தின்ற மிச்சம் எடைக்குப் போயிற்று. சிறிய சரக்கு வண்டி வாசலில் நின்றபோது திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "இன்றைக்கு என்ன, ஆடிப்பெருக்கா?" என்றார்.

ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விட்ட கதையை உ.வே.சா.விடம் படித்தவர்களுக்கு இந்த நகைச்சுவை புரியும். நானும் சிரித்தேன். வண்டி புறப்படும்போது கைநீட்டி நிறுத்தி, மேல் கட்டிலிருந்து நன்னூல் காண்டிகையுரையை உருவி என்னிடம் கொடுத்தார். "இது ஒன்று உன்னிடம் கிடக்கட்டும்."

ஆறு இலக்கம்

2023 அக்டோபரில் சித்தப்பா காலமானார். கருவி தலையணைக்குப் பக்கத்திலேயே இருந்தது. தமிழில் தட்டச்சு செய்ய அவர் பழகவே இல்லை. அதனால் பென்சில் சண்டை நின்றுபோய், பிடித்த வரியையும் பிடிக்காத வரியையும் ஒரே மாதிரி விரலால் தடவிக் கோடிட்டு வைத்திருந்தார். எது ஒப்பேன், எது சபாஷ் என்று அவருக்குத்தான் வெளிச்சம். கடைசியாகப் படித்துக்கொண்டிருந்த நூலில் 63 சதவீதத்தில் நின்றிருந்தது. பக்க எண்கூட இல்லை. காகிதமாக இருந்தால் பஸ் டிக்கெட்டோ குங்குமம் மடித்த தாளோ அடையாளமாக இருந்திருக்கும், அது எந்த ஊருக்கு எடுத்த டிக்கெட் என்றாவது பார்த்திருக்கலாம்.

கருவியைப் பேத்தி எடுத்துக்கொண்டாள். தாத்தா விட்ட இடத்திலிருந்து படிப்பேன் என்றாள். கல்லூரி விடுதிக்குப் பையில் வைத்துக் கொண்டுபோனபோது எவர்சில்வர் டப்பா அழுத்தி, 2024 செப்டம்பரில் திரை உடைந்தது. பாதிப் பக்கம் மழைக்கோடு, பாதிப் பக்கம் வெறுமை. "பெரியம்மா, வேறு கருவி வாங்கி அவர் கணக்கைப் போட்டால் எல்லாம் வந்துவிடும்தானே?" என்று கேட்டாள். வந்துவிடும் என்றேன். ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவள் இல்லையா நான்.

கடவுச்சொல்லை அவர் எப்போதோ மாற்றியிருந்தார். மின்னஞ்சலும் திறக்கவில்லை. இரண்டையும் மீட்க ஒரே வழி, அவருடைய கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்கம். அந்த எண்ணுக்கு யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை, செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. பயன்பாடு நின்று 90 நாள் ஆனால் எண்ணைத் துண்டிப்பார்கள், அதன் பிறகு குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். நான் கணக்கைத் திறக்க முயன்றது அக்டோபரில். 'குறியீடு அனுப்பப்பட்டது' என்று திரையில் வந்தது. யாருக்கு?

அந்த எண்ணைக் கூப்பிட்டேன். என் கைப்பேசியில் 'சித்தப்பா' என்றுதான் இருந்தது. மணி அடித்த நான்கு விநாடியும் எப்படி இருந்தது என்று எழுதப்போவதில்லை. டீசல் எஞ்சின் சத்தத்துக்கு நடுவே ஓர் ஆண்குரல் எடுத்தது. "சார், உங்களுக்கு இப்போது ஓர் ஆறு இலக்க எண் வந்திருக்கும், அதைக் கொஞ்சம் சொல்ல முடியுமா?" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் இந்த வாக்கியத்தை வழக்கமாகப் பேசுபவர்கள் யார் என்று உறைத்தது. அவர் சத்தம் போடவில்லை. "அம்மா, போன மாதமும் இப்படி ஒரு போன் வந்தது. அவன் இந்தியில் பேசினான், நீங்கள் தமிழில் பேசுகிறீர்கள். அதுதான் வித்தியாசம்" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். சித்தப்பா, தமிழாசிரியர், இந்த எண் பதினொரு வருடம் அவரிடம் இருந்தது, அவர் படித்த புத்தகங்கள் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கின்றன. எஞ்சின் சத்தம் நின்றது. வண்டியை ஓரம் கட்டியிருக்க வேண்டும். "அப்படியா சேதி? ஆசிரியர் தினத்தன்று ஏழெட்டுப் பேர் 'ஐயா வாழ்த்துகள், ஐயா ஆசீர்வாதம் பண்ணுங்கள்' என்று வரிசையாகக் கூப்பிட்டார்கள். தப்பான நம்பர் என்று முதல் இரண்டு பேரிடம் சொன்னேன். அப்புறம் பாவமாக இருந்தது. நன்றாக இருங்கள் என்று சொல்லிவிட்டேன்" என்றார்.

அருப்புக்கோட்டைக்காரர், லாரி ஓட்டுகிறார். அரை மணி நேரம் பேசினோம். ஆனால் எண்ணை மட்டும் சொல்லவில்லை. "கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா. யாரிடமும் சொல்லாதே என்று அதிலேயே போட்டிருக்கிறது. நீங்கள் நல்லவராகவே இருக்கலாம், எனக்கு எப்படித் தெரியும்?" முதலில் பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்த பிறகு, அவர் இடத்தில் இருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன் என்று தோன்றியது. சித்தப்பாவின் புத்தகங்களை அந்நியர் கை படாமல் ஓர் அந்நியர் காத்துக்கொண்டிருக்கிறார். 43-ஆம் பக்கக் கையெழுத்தால் முடியாத காவல்.

வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண் மிகவும் பணிவாக இருந்தாள். இறப்புச் சான்றிதழ் அனுப்பினால் கணக்கை மூடித் தருகிறோம், வேறொருவருக்கு மாற்ற விதியில் இடமில்லை என்றாள். மூடினால்? எல்லாம் போய்விடும், மேடம்.

உயிலில் எழுத முடியாதவை

அந்தப் புத்தகங்களை மறுபடி வாங்க முடியாதா என்று கேட்கலாம். முடியும். பாதிக்கு மேல் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் நான் வாங்குகிற பிரதியில் அவர் விரல் தடவிய கோடு இருக்காது. அதைத் தவிர வேறு எது வேண்டும் எங்களுக்கு?

நாம் மின்னூல் வாங்குவதில்லை, படிக்க அனுமதி வாங்குகிறோம் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், இது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் மின்பொருளுக்கு 'வாங்கு' என்று பொத்தான் வைக்கக் கூடாது என்கிறது. மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை 2019-ல் மூடியபோது வாங்கியவர்களின் நூல்கள் மறைந்தன, பணம் திரும்பி வந்தது. நூலில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் வரவு வைத்தார்கள். இதைப் படித்த நாளிலிருந்து, "இது கம்பனுக்கே தெரியாது" என்பதற்கு எத்தனை டாலர் என்று அவ்வப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

மறைமலையடிகள் தம் நூல்களை மக்களுக்கென உயில் எழுதி வைத்துவிட்டு 1950-ல் மறைந்தார். எட்டு வருடம் கழித்துச் சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் அவர் பெயரில் நூல்நிலையம் அமைந்தது. சித்தப்பா ஊரிலிருந்து கோட்டையூர் பக்கம்தான். அங்கே பெயர்ப்பலகை எழுதிய ஓவியரான ரோஜா முத்தையா பழைய காகிதமாகப் போகவிருந்த தமிழ் நூல்களையெல்லாம் சேர்த்து வைத்திருந்தார். அவர் 1992-ல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்க, 1994-ல் சென்னையில் அது ஆய்வு நூலகம் ஆயிற்று. இவர்களுடைய அலமாரிகள் ஏதோ ஒரு கடவுச்சொல்லுக்குள் இருந்திருந்தால் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஆனால் இதுவும் அரைநியாயம்தான். அப்படி ஒருவருடைய சேகரம் தப்பிக்க, ஆயிரம் வீட்டு அலமாரிகள் எடைக்குப் போயிருக்கின்றன. எங்கள் வீட்டிலேயே போயிற்று, நானே ஏற்றிவிட்டேன்.

என்னை அசைத்தது அந்தப் பள்ளியிலிருந்து வந்த செய்தி. முதலாண்டு நினைவு நாளுக்கு அங்கே ஒரு சிறிய கூட்டம் வைத்தார்கள். இப்போதைய தமிழாசிரியை சொன்னாள்: நூலகத்தில் எட்டாம் வகுப்புப் பையன்கள் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் 43-ஆம் பக்கத்தைத் திருப்புகிறார்களாம். கையெழுத்து இருந்தால் 'ஐயா புத்தகம்', இல்லாவிட்டால் 'அரசு புத்தகம்'. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒருவன் கண்டுபிடித்து, பரவிவிட்டது. கையெழுத்துக்குக் கீழே தன் பெயரை எழுதி இரண்டு பேர் அடி வாங்கியிருக்கிறார்கள். நாற்பத்துமூன்று பக்கத்துக்குக் குறைவான புத்தகங்களில் ஐயா எங்கே போட்டிருப்பார் என்று இன்னும் ஆராய்ச்சி நடக்கிறதாம். (கடைசிப் பக்கத்தில். எனக்குத் தெரியும். சொல்லவில்லை.)

திரும்பி வரும் பஸ்ஸில் என் கருவியைத் திறந்து பார்த்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு நூல்கள். அத்தனையையும் நான் படித்தேன் என்பது எனக்கும் அந்த நிறுவனத்துக்கும் மட்டும் தெரிந்த இரகசியம். திரைக்கு மாறிய பிறகு நான் யாருக்கும் ஒரு புத்தகம் இரவல் கொடுக்கவில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. யாரும் கேட்கவும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர் கண்ணில் பட்டால்தானே கேட்பார்?

இதற்காகக் காகிதத்துக்குத் திரும்பிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நேற்றிரவும் அதே கருவியில்தான், அதே பெரிய எழுத்தில்தான் படித்தேன். கண் கேட்கிறது, என்ன செய்ய.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கைப்பேசி அடித்தது. திரையில் 'சித்தப்பா'. பெயரை நான் மாற்றியிருக்கவில்லை. அருப்புக்கோட்டைக்காரர்தான். மகள் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள், இருநூறு கேள்வியில் நூறு தமிழாம், ஐயா தமிழ் வாத்தியார் என்றீர்களே, அவர் வைத்திருந்த இலக்கணப் புத்தகம் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். அதற்கு ஆறிலிருந்து பத்து வரையுள்ள பள்ளிப் பாடநூல்களே போதும், எல்லாம் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன, போனிலேயே படிக்கலாம் என்று பழைய கட்சிக்காரியாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "போனில் படி என்றால் போனைத்தான் அக்கா பார்க்கிறாள்" என்றார்.

பாடநூல்களை வாங்கினேன். ஐந்து வகுப்பு, கனமான கட்டு. பெட்டியை மூடும் முன் அலமாரியிலிருந்து நன்னூலை எடுத்து வந்து மேலே வைத்துப் பார்த்தேன். 43-ஆம் பக்கத்தில் கையெழுத்து. ஓரத்தில் பென்சிலில் "சான்று?" என்று ஒரு கேள்வி. புணரியல் பக்கங்களில் நான் பத்தாம் வகுப்பில் சிந்திய மைக்கறை. இரவல் கொடுக்க முடியாத காலம் என்று இத்தனை பக்கம் புலம்பியவள், அதை எடுத்துத் திரும்பவும் அலமாரியிலேயே வைத்துவிட்டேன். குரூப் 4-க்கு நன்னூல் தேவைப்படாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்கூட.

பெட்டியின் மேல் முகவரி எழுத உட்கார்ந்தபோதுதான், இத்தனை நாளில் அவருடைய பெயரை நான் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை என்பது தெரிந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு 'சித்தப்பா'வைக் கூப்பிட்டேன்.